நீதிமன்றம் தாமதித்தால் தண்டம் யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வெளிநாட்டில் அகதி விண்ணப்பம் போட்டிருக்கும் வீட்டாரும், காணியை விற்றாவது பிள்ளையை அனுப்ப யோசிக்கும் வீட்டாரும் கடைசி வரை வாசியுங்கள்.

சில நாட்களுக்கு முன் இஷா தொழுது விட்டு வரும்போது, பள்ளிவாசல் வீதியில் ஓர் உம்மா எம்மை மறித்தார். கையில் போன். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தின் படம். "சேர், இதுல என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வழக்குத் தவணைக் கடிதம் அது. தவணை மூன்று வருடத்துக்குப் பிறகு. சொன்னோம். அவர் அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அதுவரைக்கும் அவன் என்ன செய்யிற, சேர்?"

புத்தளத்தில் ஆசிரியர்களாகிய எமக்கு இது இரண்டாவது வேலை. வங்கிக் கடிதம், தூதரகக் கடிதம், இப்போது அமெரிக்க நீதிமன்றக் கடிதம். வாசித்துச் சொல்லி விட்டு வந்து விடுகிறோம். அந்த உம்மாவின் கேள்வி மட்டும் எம்மோடு வீடு வரை வந்தது. ஆகவே இந்த விடயத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் புகலிடம் கேட்டு விண்ணப்பிக்க முன்பு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 2020ஆம் ஆண்டு 50 டாலர் கட்டணம் வைக்க அரசாங்கம் முயன்றது. நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனால் 2025 ஜூலை 4ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட பெரிய வரவு செலவுச் சட்டத்துக்குள் இந்தக் கட்டணங்களும் வந்து விட்டன. 2025இல் விண்ணப்பத்துக்கு 100 டாலர். முடிவு வராமல் விண்ணப்பம் கிடக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இன்னொரு 100 டாலர். முன்பு இலவசமாகக் கிடைத்த முதலாவது வேலை அனுமதிப் பத்திரத்துக்கு 550 டாலர். புதுப்பிக்க 275 டாலர். விலைவாசிக்கு ஏற்ப வருடா வருடம் இவை கூடவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. ஏழை என்று சொல்லி இந்த விண்ணப்பக் கட்டணங்களில் விலக்குக் கேட்கவும் முடியாது.

100 டாலர் என்பது சுமார் 30,000 ரூபாய். அமெரிக்காவில் உழைப்பவருக்கு அது பெரிய தொகையா என்று சிலர் கேட்பார்கள். சரி, உழைக்க விட்டார்களா? சட்டத்துக்கு வந்த நேரத்தில் இருந்த விதிப்படி, புகலிட விண்ணப்பம் போட்டு 150 நாள் போன பிறகுதான் வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்கலாம். 180 நாளுக்கு முன் அது கைக்கு வராது. ஆக, வேலை செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டவரிடமே முதலில் 100, பிறகு 550 கேட்கப்பட்டது. அந்த ஆறு மாதமும் அவர் யாருடைய வீட்டில் தங்குகிறார், யாரிடம் கடன்படுகிறார், களவாக எந்த ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

இதற்குள் 2025 டிசம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை ஐந்து வருடத்துக்குக் கொடுத்து வந்த வேலை அனுமதியை 18 மாதமாகக் குறைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்று இருந்த புதுப்பித்தல் இப்போது ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் காசு.

இனி நீதிமன்றத்தின் பக்கம் பார்ப்போம். அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் 2025இல் தேங்கிக் கிடந்த வழக்குகள் 30 இலட்சத்துக்கும் மேல். அந்த வருடத் தொடக்கத்தில் இருந்த நீதிபதிகள் சுமார் 700 பேர். கணக்குப் போட்டால் ஒருவர் தலையில் ஐயாயிரம் கோப்பு அளவில் வருகிறது. இந்த நீதிமன்றங்கள் சுயாதீன நீதித்துறையின் பகுதியும் அல்ல. அரசாங்கத்தின் நீதித் திணைக்களத்துக்குக் கீழே இருப்பவை. 2025இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் நீக்கப்பட்டோ விலகியோ போனார்கள். கட்டணம் வைத்த அதே சட்டம், 2028 நவம்பருக்குப் பிறகு நீதிபதிகள் 800 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கு தாமதிப்பது நீதிமன்றத்தால். தாமதத்துக்கு வருடாந்தம் காசு கட்டுவது காத்திருப்பவர். எமது தொழிலில் சொன்னால், விடைத்தாள் திருத்தப் பிந்துவது ஆசிரியர். பிந்திய ஒவ்வொரு வருடத்துக்கும் தண்டம் கட்டுவது மாணவன். அப்படி ஒரு பாடசாலை இருந்தால் நீங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா?

தீர்ப்பு பாதகமாக வந்தால் மேன்முறையீடு செய்யலாம் என்பார்கள். அதற்கு முன்பு 110 டாலர். இப்போது ஆயிரம் டாலருக்கு மேல். அரசாங்கச் செலவில் சட்டத்தரணியும் கிடையாது. நீதிமன்றம் வரை போகக் கிடைக்காதவர்களும் உண்டு. எல்லையில் அதிகாரி ஒருவர் நேர்காணலிலேயே நிராகரித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் எமது நாட்டவரின் பெயர் இப்படியும் இருக்கிறது.

இப்போது மறுபக்க நியாயத்தையும் பேச வேண்டும். "பொய்க் கதை சொல்லிப் போகிறவர்கள் கூடி விட்டார்கள், அதனால்தான் கட்டணம்" என்கிறார்கள். எம்மவர்களிலும் அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு வயிற்றுப் பாட்டுக்காகப் போனவர்களுக்கு ஏஜென்ட்மார் கதை சொல்லிக் கொடுத்ததை நாம் அறியாதவர்கள் அல்ல. மறைப்பதில் பயனில்லை.

ஆனால் கட்டணம் பொய்யைப் பிடிக்குமா? இருபது, முப்பது இலட்சம் கொடுத்து அனுப்பப்பட்டவருக்கு இன்னொரு 30,000 ஒரு தடையே அல்ல. உயிருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடி வந்தவருக்குத்தான் அது தடை. தாமதமும் அப்படித்தான். பொய்யான கோரிக்கைக்காரருக்கு வழக்கு ஐந்து வருடம் இழுபட்டால் இலாபம். ஐந்து வருடம் உழைக்கலாம். உண்மையான அகதிக்கு அதே ஐந்து வருடம் நட்டம். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது, சாட்சிகள் மௌத்தாகி விடுவார்கள், தாயின் ஜனாஸாவுக்கும் வர முடியாது. பொய்யைப் பிடிக்க வேண்டும் என்றால் நீதிபதிகளைக் கூட்டி, விரைவாக விசாரித்து முடிக்க வேண்டும். உண்டியல் வைப்பதால் அது நடக்காது.

இதை எழுத எமக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் மக்கள் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளம் மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் வீட்டு விறாந்தையையும் திறந்து விட்டார்கள். யாரும் படிவம் நீட்டிக் காசு கேட்கவில்லை. பிறகு வந்த வருடங்களில் பதிவு, நிவாரண அட்டை, வாக்குரிமை, மீள்குடியேற்றம் என்று கோப்புகளின் பின்னால் அலைந்தோம். ஒரு தலைமுறை அப்படியே வயதாகிப் போனது. காத்திருப்பு என்றால் என்ன என்று எமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மக்கத்துக் குறைஷிகளுக்குப் பயந்து அபிசீனியாவுக்குப் போன ஸஹாபாக்களின் வரலாற்றை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். துரத்தி வந்தவர்கள் நஜ்ஜாஷி மன்னருக்கு அன்பளிப்புகளோடு போனார்கள். மன்னர் அகதிகளைக் கூப்பிட்டு அவர்கள் வாயாலேயே விளக்கம் கேட்டார். கேட்டு முடித்து, புகலிடம் கொடுத்து, அன்பளிப்புகளைத் திருப்பி அனுப்பினார். முதலில் விசாரணை. காசு திரும்பிப் போனது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்தவ மன்னருக்கு விளங்கிய நியாயம் இது.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் முடியாது. இலங்கை இன்னும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் படகில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது, நாம் உணவுப் பார்சல் பற்றிப் பேசினோம். அவர்களுடைய சட்ட உரிமை பற்றி எத்தனை பேர் பேசினோம்?

கடைசியாக, பிள்ளை அங்கே இருக்கும் வீட்டாருக்குச் சில வார்த்தைகள்.

விண்ணப்பம் போட பொதுவாக ஒரு வருட எல்லை உண்டு. அது பிந்தினால் பெரிய சிக்கல். விலாசம் மாறினால் உடனே நீதிமன்றத்துக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். கடிதம் பழைய வீட்டுக்குப் போய், தவணைக்குப் போகாமல் விட்டால் ஆளில்லாமலேயே நாடுகடத்தல் கட்டளை வரும். கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் ரசீதை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

விதிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. வருடாந்தக் கட்டண அறிவித்தல்கள் 2025 ஒக்டோபரில் போகத் தொடங்கின. அந்த மாத முடிவிலேயே ஒரு நீதிமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆகவே வட்ஸ்அப் செய்தியை நம்பிக் காசு கட்டவும் வேண்டாம், கட்டாமல் விடவும் வேண்டாம். அங்குள்ள தகுதியான சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லுங்கள். ஊரில் இருந்து "நாங்க கட்டித் தாறோம்" என்று வருபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அனுப்ப யோசிப்பவர்கள், ஏஜென்ட் சொல்லும் தொகையோடு இந்தக் கட்டணங்களையும் இந்த வருடங்களையும் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகு முடிவெடுங்கள்.

திரும்பி வந்த பிள்ளைகளை "போய் என்னத்தக் கண்டாய்" என்று கேட்காதீர்கள். அவர்கள் தோற்றது பெரும்பாலும் ஒரு வரிசையில் நின்றுதான்.

அந்த உம்மாவுக்கு இன்னும் எம்மிடம் முழுப் பதில் இல்லை. அடுத்த கடிதம் வந்தால் வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால், அஸருக்குப் பிறகு பாடசாலை வாசலில் வந்து சந்தியுங்கள். காசு வேண்டாம். துஆ போதும்.