பத்து வருஷம் பூட்டிக் கிடந்த பனித்தரை

வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாப்புல மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னிருக்கீங்களா? மேற்க பார்த்தா மலை கண்ணுக்கு முன்னாலயே இருக்கும், ஆனா அங்கிருந்து ஒரு துளி காத்து வராது. அப்படி ஒரு மத்தியானத்துல பக்கத்துல நின்ன கிளாஸ்மேட்கிட்ட, "ஏல, இந்தியாவுக்கு ஐஸ் ஹாக்கி டீம் இருக்கு தெரியுமா?"ன்னு கேட்டேன். "உனக்கு வெயில் மண்டைக்கு ஏறிட்டுல, ஒரு சர்பத்தக் குடி"ன்னான்.

அவன் மேல தப்பில்ல. போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த டீமோட கதை மனசை விட்டுப் போகல. ஏன்னா அது பனியைப் பத்தின கதை இல்ல. இன்ஜினியரிங் படிக்கிற நாம எல்லாரும் வெட்கப்பட வேண்டிய ஒரு கதை. முழுசா படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

இந்தியா 1989-லயே சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்புல உறுப்பினர் ஆயிடுச்சு. நம்மில் பல பேர் பொறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. சரி, ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டி எப்ப ஆடுச்சு? 2009-ல, அபுதாபியில நடந்த ஆசிய சவால் கோப்பையில. நடுவுல இருபது வருஷம். உறுப்பினர் அட்டை இருந்துச்சு, ஆட்டக்காரங்களும் இருந்தாங்க. முழு அளவுல ஒரு பனித்தளம் மட்டும் நாட்டுல எங்கேயும் இல்ல.

அப்ப அவங்க எங்க ஆடிப் பழகினாங்க? லடாக்குல குளத்துல. கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்துல இருக்கு லே நகரம். குளிர்காலத்துல அங்க தண்ணி தானா உறைஞ்சிடும். ராத்திரி தண்ணியைத் தெளிச்சு, காலையில உறைஞ்சதும் அது மேல ஆட்டம். ராணுவ பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகட்டை மாட்டி ஸ்கேட் செஞ்சுக்கிட்ட தலைமுறை அது. இன்னைக்கும் தேசிய அணியில பெரும்பாலான ஆட்டக்காரங்க லடாக்குக்காரங்கதான். அதுலயும் நிறைய பேர் ராணுவத்துலயோ, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலயோ வேலை பார்க்கிறவங்க. வருஷத்துல ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா ரெண்டரை மாசம்தான் அந்தப் பனி நிக்கும். மீதி மாசங்கள்ல? குருகிராம்ல ஒரு ஷாப்பிங் மாலுக்குள்ள இருக்கிற சின்னத் தளத்துக்குப் போய்ப் பழகியிருக்காங்க. அது முழு அளவு கூட கிடையாது.

இந்த நிலைமையில அபுதாபிக்குப் போனா என்ன ஆகும்? ஆனதுதான் ஆச்சு. எல்லா ஆட்டத்துலயும் தோல்வி. எதிரணி கோல் எண்ணிக்கை ரெண்டு இலக்கத்துக்குப் போன ஆட்டங்களும் உண்டு. ஆனா மூணே வருஷத்துல, 2012-ல, மக்காவ் அணியைத் தோற்கடிச்சு முதல் வெற்றியைப் பார்த்தாங்க. எங்க தெரியுமா? நம்ம நாட்டுலயே, டேராடூன்ல.

டேராடூன்ல என்ன நடந்துச்சு?

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக டேராடூன்ல ஒரு உள்ளரங்கப் பனித்தளம் கட்டினாங்க. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஒலிம்பிக் அளவுல நாட்டுலயே முதல் தளம். போட்டி நடந்துச்சு. அடுத்த வருஷம் ஆசிய சவால் கோப்பையும் நடந்துச்சு, முதல் வெற்றியும் கிடைச்சுது. அப்புறம்? கரண்ட் பில், பராமரிப்புச் செலவு எல்லாம் கட்டுப்படியாகலன்னு பூட்டிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல பூட்டியே கிடந்துச்சு. 2025-லதான் சரி பண்ணித் திறந்து, அந்த ஆகஸ்ட்ல ஆசிய அளவிலான ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டி நடத்தினாங்க.

அந்தப் பத்து வருஷத்துல நம்ம அணி என்ன பண்ணுச்சு? 2015-ல குவைத் போட்டிக்குப் போக காசில்லாம இணையத்துல பொதுமக்கள்கிட்ட நிதி கேட்டுச்சு. முன்பின் தெரியாத மனுஷங்க அனுப்பின காசுலதான் இந்தியக் கொடி போட்ட சட்டை குவைத் போய்ச் சேர்ந்துச்சு. நாட்டுல ஒரு முழுத் தளம் பூட்டிக் கிடக்கு, அணி உண்டியல் குலுக்குது.

மெக்கானிக்கல் மக்களே, ஒரு பனித்தளத்துக்குள்ள அப்படி என்ன பெரிய ரகசியம் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கான்கிரீட் தளத்துக்குள்ள கிலோமீட்டர் கணக்குல குழாய். அதுல உப்புக் கரைசலோ கிளைக்காலோ பூஜ்ஜியத்துக்குக் கீழ குளிர்ந்து ஓடும். மேல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சா அடுக்கடுக்கா உறையும். மொத்தம் மூணு நாலு சென்டிமீட்டர் தடிமன்தான். அந்தப் பக்கம் கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர். செமஸ்டருக்குப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, அதே சுழற்சிதான். தூத்துக்குடியில மீனுக்குப் பாளம் பாளமா ஐஸ் போடுற கம்பெனிக்குப் போய்ப் பாருங்க, இதே உப்புத் தண்ணி, இதே தத்துவம். உப்புக் காத்துலயும் அந்த வெக்கையிலயும் அந்த மெஷின் வருஷம் பூரா ஓடுது. ஏன்? அது நின்னா மீன் அழுகும், முதலாளிக்கு நஷ்டம். அதனால அதைப் பார்த்துக்க ஒரு ஆள் இருக்கார்.

டேராடூன்ல பழுதானது கம்ப்ரசர் மட்டும்னு நான் நம்பல. "நாளைக்கு இதை யார் ஓட்டுவா, கரண்ட் பில்லை யார் கட்டுவா?"ங்கிற கேள்விக்கு விடை எழுதாமலேயே கட்டடத்தைத் திறந்ததுதான் பழுது.

"நமக்கு எதுக்குப் பனி?"

இப்ப நீங்க கேட்பீங்க. குடிதண்ணிக்கே வரிசையில நிக்கிற ஊருல இருந்துகிட்டு பனித்தளத்துக்கு வக்காலத்து வாங்கணுமான்னு. நியாயமான கேள்வி. தென்காசி மாவட்டத்துக்கு ஒரு பனித்தளம் வேணும்னு நான் கேட்கவே இல்ல. கட்டினதை ஓட்டுங்கன்னுதான் கேட்கிறேன். கட்ட ஒரு தடவை செலவு, பூட்டி வச்சு வீணாக்க ஒரு தடவை செலவு, திரும்பச் சரி பண்ண இன்னொரு தடவை செலவு. இதுல மிச்சம் பிடிச்சது யாரு?

வெயில் நாட்டுக்கு இது ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு பிலிப்பைன்ஸைக் காட்டுவேன். அங்க பனியே கிடையாது. ஷாப்பிங் மால்கள்ல இருக்கிற தளங்கள்ல பசங்க பழகினாங்க. 2016-ல கூட்டமைப்புல சேர்ந்தாங்க, 2017 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினாங்க. நமக்கு 1989-லயே கிடைச்ச உறுப்பினர் இடம், அவங்களுக்கு 2016-ல. வித்தியாசம் வெயில்ல இல்ல. வருஷம் பூரா திறந்திருந்த கதவுலதான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம பக்கத்துக்கே வாங்க. ஹாக்கின்னு சொன்னா இங்க எல்லார் வாயிலயும் வர்ற பேர் கோவில்பட்டி. சங்கரன்கோவில் போய் பஸ் மாறினா போயிடலாம். தலைமுறை தலைமுறையா மண் தரையில மட்டை பிடிச்ச ஊரு அது. பயிற்சி விடுதி வந்துச்சு, செயற்கை இழைத் தரை வந்துச்சு. அங்க பழகின கார்த்தியும் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியச் சட்டை போட்டு வெண்கலத்தோட வந்தாங்க. திறமை அங்க என்னைக்கும் இருந்துச்சு. சாயங்காலமானா போய் ஆட ஒரு தரையும், அதைப் பார்த்துக்க ஒரு ஆளும் சேர்ந்தப்பதான் அது வெளியே தெரிஞ்சுது.

லடாக்லயும் அதுதான் நடக்குது. இப்ப லே-யில என்.டி.எஸ். மைதானத்துல செயற்கைப் பனித்தளம் வந்திருக்கு. 2024 கேலோ இந்தியா குளிர்கால ஐஸ் ஹாக்கி அங்கதான் நடந்துச்சு. பெண்கள் அணியைப் பாருங்க. 2016-ல முதல் போட்டி, 2017-ல முதல் வெற்றி, 2025-ல ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல நடந்த ஆசியக் கோப்பையில வெண்கலம். ஒன்பது வருஷம்தான்.

கடைசியா என் சொந்தக் கதை ஒண்ணு. நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு டேபிள் டென்னிஸ் போர்டு இருந்துச்சு. யாரோ ஒரு பழைய மாணவர் வாங்கிக் கொடுத்தது. மேல உறை போட்டு, ரூமைப் பூட்டி, சாவி ஆபீஸ்ல தொங்கும். பெரிய ஆளுங்க யாராவது பார்வையிட வந்தா அன்னைக்கு மட்டும் திறப்பாங்க, எங்கள்ல ரெண்டு பேரைச் சும்மா தட்டச் சொல்லுவாங்க. "உடைச்சிருவீங்கல"ங்கிறதுதான் காரணம். ஏழு வருஷத்துல நான் அந்த போர்டுல ஆடினது மொத்தம் நாலு தடவை. நான் ஸ்கூலை விட்டு வரும்போது அது புதுசு மாதிரியே பளபளன்னு இருந்துச்சு. எங்க செட்டுல மட்டும் டேபிள் டென்னிஸ் ஆடத் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இல்ல.

டேராடூன் தளத்தைப் பத்தி முதல்ல படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்த உறைதான்.

நாளைக்கு நம்மில் சிலர் பொதுப்பணித் துறையிலயோ, ஒரு கம்பெனியிலயோ உட்கார்ந்து ஏதோ ஒரு திட்டத்துக்கு வரைபடம் போடுவோம், மதிப்பீடு எழுதுவோம். ஒரு விளையாட்டு அரங்கமோ, தண்ணித் தொட்டியோ, எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். கட்டுமானச் செலவை எழுதி முடிச்சு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, கீழ இன்னொரு வரி சேர்த்துக்கோங்க: பத்தாவது வருஷம் இதை ஓட்டப் போறது யாரு, எந்தக் காசுல?

அதுக்கு முன்னாடி, நாளைக்கே செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. உங்க காலேஜ்ல, உங்க ஊருல பூட்டிக் கிடக்கிற ரூம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ஜிம்மோ, லேபோ, நூலகமோ. சாவி யார்கிட்ட இருக்குன்னு போய்க் கேளுங்க.