ஓடத்தானே ரயில்!

ஜப்பானில் சிறுவரும் பெரியவரும் விரும்பிச் சேர்க்கும் பொருள்களுள் ஒன்று மாதிரி ரயில். 1965இல் கட்டோ நிறுவனம் 9 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறிய ரயிலை அங்கு வெளியிட்டது. 1976இல் டொமிக்ஸும் அதே அளவில் வந்தது. அளவு மாறாததால் பழைய ரயிலும் இன்றைய தண்டவாளத்தில் ஓடும். பாவித்த ரயில்களுக்குச் சந்தை பெருக இதுவும் ஒரு காரணம்.

அகிஹபாராக் கடைகளிலும் மெர்காரி போன்ற இணையச் சந்தைகளிலும் இவை கைமாறுகின்றன. பழுதானவற்றை ‘ஜங்க்’ என்று எழுதியே மலிவாக விற்கிறார்கள். சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. எனவே, சக்கரத்து அழுக்கைத் துடைத்தாலே சில ரயில்கள் மீண்டும் ஓடிவிடும். கையில் கொஞ்சப் பணமே உள்ள மாணவருக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆனால், பல மாதிரிகள் அளவோடுதான் தயாரிக்கப்படுகின்றன. இதை அறிந்த சிலர் புதியவற்றை மொத்தமாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்து கூடிய விலைக்கு விற்கின்றனர். இதை வியாபாரத் திறமை என்று நான் ஏற்கமாட்டேன். பாவித்தவர் விற்றால் இன்னொருவர் பயனடைகிறார். பதுக்கியவர் விற்றாலோ, நியாய விலைக்கு வாங்கியிருக்க வேண்டிய ஒரு பிள்ளை ஏமாந்துபோகிறது.

மக்கள் விரும்பும் மாதிரிகளைத் தயாரிப்பாளர்கள் மீண்டும் வெளியிடுவதுண்டு. அதுவரை பொறுத்திருந்தால் பதுக்கியவரின் பெட்டி அவரிடமே தங்கிவிடும். அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது பெற்றோரின் கையில்தான் இருக்கிறது.