வாசலில் நிற்காதீர்கள்



போன இதழ் வெளிவந்த மறுவாரம் ஓர் இன்லேண்ட் கடிதம் வந்தது. இன்னமும் இன்லேண்டில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கையெழுத்திலேயே தெரிந்தது. “கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. அரிசி, போர்வை கொடுத்தவர்களின் பெயர்களைப் பூசை முடிந்ததும் வாசிப்பார்கள். என் பென்ஷனில் மருந்துச் செலவு போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. நேரம்தான் கிடக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குப் பங்கில் ஏதாவது வேலை உண்டா?” என்று கேட்டிருந்தார்.

உண்டு அம்மா. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

எனக்கு இருபத்திரண்டு வயதில், வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதைவிட, பங்குச் சாமியாரிடம் மாட்டிக்கொண்டேன் என்பதே சரி. முதல் ஞாயிறே இல்லச் சந்திப்புக்கு அனுப்பினார்கள். துணைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் அவருக்குத் தெரியாத வாசல் இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனோம். நான் படியில் நின்றபடியே பையை நீட்டினேன், “நல்லா இருக்கீங்களா பாட்டி?” என்றேன், திரும்பப் பார்த்தேன். தபால்காரர் அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வாசல்லயே நின்னா குழுக்கடன் வசூலுக்கு வந்திருக்கோம்னு பக்கத்து வீட்டுக்காரங்க நினைப்பாங்க தம்பி. உள்ள வந்து உக்காருங்க.”

உட்கார்ந்ததும் அவர் பாட்டியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொடுக்க வந்த இடத்தில் கேட்கிறாரே என்று. பாட்டி சொம்பைக் கழுவி நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்தச் சபையின் கதையைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்குச் சொல்லப் பிடிக்கும். அது பிறந்த இடம் கோயில் அல்ல, ஒரு பத்திரிகை அலுவலகம். 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23, பாரிஸ். கல்லூரி மாணவர்கள் ஆறு பேரும் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இம்மானுவேல் பெய்யியும் கூடினார்கள். அவர்களில் பிரடெரிக் ஓசானாமுக்கு அன்றைக்குத்தான் இருபது வயது நிறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு காலரா அந்த நகரத்தில் 18,000 பேருக்கு மேல் கொண்டுபோயிருந்தது. இந்த மாணவர்கள் நடத்திவந்த வரலாற்று விவாத மன்றத்தில் ஒருவர் எழுந்து, ‘உங்கள் திருச்சபை முன்பு என்ன செய்தது என்பதெல்லாம் சரி, இப்போது என்ன செய்கிறது?’ என்ற தோரணையில் கேட்டுவிட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கூட்டம். விவாத மன்றத்துக்கு இருந்த ‘கான்பரன்ஸ்’ என்ற பெயரே இன்றுவரை சபையின் கிளைகளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பங்குகளில் ஏழெட்டுப் பேர் மர பெஞ்சில் உட்காரும் கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கூடிவிட்டார்களே தவிர, யார் வீட்டுக்குப் போவது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மூஃப்தார் பகுதியின் ஏழைகளோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்த அருள்சகோதரி ரோசலியிடம் ஆள் அனுப்பினார்கள். அவர் குடும்பங்களின் பெயர்களைக் கொடுத்து, கையிலிருந்த ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்து, எப்படிப் போய்ப் பேச வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார். சேவைக்குக் கிளம்பியவர்கள் முதலில் போய்ச் சேவை தெரிந்த ஒரு பெண்மணியிடம் பாடம் கேட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் இளைஞர் குழுக்களில் நேரே பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.

இருவராகப் போவது அன்று தொடங்கிய வழக்கம். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் பார்க்கலாம். அடுப்பு எரிந்த அடையாளம் இருக்கிறதா, பிரஷர் மாத்திரை அட்டை தீர்ந்து கிடக்கிறதா, பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்று. இன்னொரு வழக்கம் ரகசியக் காணிக்கை. கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு பை சுற்றி வரும். எல்லாரும் உள்ளே கைவிட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா என்றுகூடத் தெரியாது. வேலையில்லாத அந்த இரண்டு வருடமும் நான் பல வாரம் வெறும் கையைத்தான் விட்டு எடுத்தேன். யாரும் கேட்டதில்லை. ஆசிரியை அம்மா கவனிக்க வேண்டிய இடம் இது.

வேலை என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ரேஷன் கடையில் வயதானவர்களுக்குக் கைரேகை விழாது. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த விரல்கள். வர முடியாதவர்களுக்காக வேறொருவர் பொருள் வாங்க அனுமதி கேட்கும் படிவம் ஒன்று உண்டு. அதை நிரப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர் என்றிருந்தால் அதைச் சரிசெய்ய இரண்டு மூன்று தரம் அலைய வேண்டும். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்க ஒருவர் வரிசையில் நின்றால், நோயாளி பெஞ்சில் உட்காரலாம். இதற்கெல்லாம் பணம் வேண்டாம். எழுத்தும் பொறுமையும் போதும். முப்பது வருடம் வருகைப் பதிவேடு நிரப்பியவருக்கு இந்தப் படிவங்கள் எம்மாத்திரம்!

நாம் போகிற வீடுகளில் பாதி கிறிஸ்தவ வீடுகள் அல்ல. மதம் பார்த்து உதவக் கூடாது என்பது சபையின் விதியே. அந்த வீடுகளில் அவர்களாகக் கேட்டாலொழிய ஜெபம் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு என்று தெரியும். அரிசிப் பை தரையில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியாது. முடியாதவர்களிடம் சம்மதம் கேட்பது கேட்பதாகாது.

இனி என் குற்றம். சில வருடங்களுக்கு முன் இதே இதழின் கடைசி அட்டையில் ஒரு வண்ணப் படம் போட்டோம். கிறிஸ்துமஸ் உதவி வழங்கும் விழா. ஒரு தாய் போர்வையை வாங்குகிறார், கொடுப்பவர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்கிறார்கள், எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அழகான படம் என்று நானே தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் மகன் மறைக்கல்வி வகுப்புக்கு வரவில்லை. எட்டாம் வகுப்புப் பையன். கூட்டாளிகள் அந்த அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்களாம். நான் வீட்டுக்குப் போனேன். அவன் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான். அந்தத் தாய் எனக்குக் காப்பி கொடுத்தார், படத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இந்த டிசம்பர் இதழ் முதல் உதவி பெறுபவர்களின் முகம் நம் பக்கங்களில் வராது. நன்கொடையாளர்கள் கோபிக்கலாம். கோபித்துக்கொண்டு ஒருவர் போனில் அழைத்தும்விட்டார். அவரிடம் ரகசியப் பையைப் பற்றிச் சொன்னேன். சரி பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

டிசம்பரில் ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. கேரல் குழு, கேக், சாண்டா வேஷம் எல்லாம் வரும். ஒரே வீட்டுக்கு மூன்று குழுக்கள் மூன்று போர்வை கொடுத்துவிட்டுப் போன வருடமும் உண்டு. நமக்கு ஆள் தேவைப்படுவது பிப்ரவரியில், பிள்ளைகளுக்குப் பரீட்சை, சபைக்காரர்களுக்கு வீட்டு விசேஷம் என்று ஒவ்வொருவராகக் குறையும்போது. மே மாத வெயிலில் இன்னும் மோசம். நான் இரண்டு வாரம் போகாமல் மூன்றாம் வாரம் போனபோது அந்தப் பாட்டி, “போன ஞாயித்துக்கிழம ரெண்டு டம்ளர் பாயாசம் வச்சிருந்தேன்” என்றார். அந்த வீட்டில் பாயாசம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆசிரியை அம்மாவுக்கு: ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குப் பக்கத்து அறைக்கு வாருங்கள். உங்களோடு சேர்ந்து போக ஒரு கல்லூரி மாணவியைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியாது. மூக்குக்கண்ணாடியும் இரண்டு பேனாவும் எடுத்து வாருங்கள். மழைக்காலம், குடையும்.

அன்புடன்,
ஆசிரியர்