காங்கேசன்துறைச் சுண்ணக்கல்லும் குடாநாட்டின் கிணறுகளும்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை மீண்டும் இயக்க வேண்டுமென்ற கோரிக்கை, 2009 இல் போர் முடிவுற்ற பின்னர் அவ்வப்போது எழுந்து வருகின்றது. வேலையற்ற இளைஞர்கள் நிறைந்த வடபுலத்தில் இது வியப்புக்குரியதல்ல. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல் உருவான இத்தொழிற்சாலை, முருங்கன் களிமண்ணையும் உள்ளூர்ச் சுண்ணக்கல்லையும் கொண்டு நான்கு தசாப்தங்கள் இயங்கி, 1990 இல் போரினால் மூடப்பட்டது.

ஆனால் தொழிற்சாலையை இயக்குவது வேறு, அதற்கான கல்லை எங்கிருந்து எடுப்பது என்பது வேறு. வற்றாத ஆறு எதுவுமற்ற குடாநாட்டுக்குச் சுண்ணக்கற் பாறையே நீர்த்தேக்கம். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலாளரின் கணக்கு. மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழே என்ன நிகழுமென்பதை விளக்கத் தேவையில்லை. ஆழமாகத் தோண்டி, குழியில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றும்போது நிகழ்வது இதுவேயாகும்.

வெடிவைக்காமலே பாறையைச் சீவும் இயந்திரங்களும், தாமாகவே உடைத்துத் தரம் பிரிக்கும் ஆலைகளும் இன்று வந்துவிட்டன என்பர். உண்மைதான், அவை தூசியையும் அதிர்வையும் குறைக்கும். ஆயின் எடுக்கப்பட்ட பாறையில் தங்கிய நீரை எந்த இயந்திரமும் திருப்பித் தராது. அப்பாறை எதையும் எளிதில் கடத்திவிடும் என்பதைச் சுன்னாகக் கிணறுகளில் கலந்த கழிவெண்ணெய் காட்டியது. அவ்வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

புத்தளமும் இவ்விடயத்தில் ஒரு பாடமே. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட அறுவாக்காட்டில், கொழும்பின் குப்பையைக் கொட்டும் திட்டத்துக்கெதிராக 2018 இலும் 2019 இலும் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினருக்குத் தஞ்சமளித்த மாவட்டம் அது. கல்லை எடுத்தவர் சென்றபின் குழி யாருக்கு மிஞ்சுகின்றது என்பதை அம்மக்களிடமே கேட்டறியலாம்.

1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வுக்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமாகும். குடாநாட்டின் நன்னீர் வில்லை பற்றிய ஆய்வு பகிரங்கமாக முன்வைக்கப்படும்வரை, பெரிய அளவிலான சுண்ணக்கல் அகழ்வுக்கு அது அனுமதியளிக்கலாகாது. தொழிற்சாலைதான் வேண்டுமெனில், அருகிலேயே துறைமுகம் உள்ளது. கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அங்கு அரைக்கலாம். அதில் கிடைக்கும் வேலைகள் முன்னரைவிடக் குறைவாகவே இருக்கும். அதனை அரசியல்வாதிகள் இப்போதே மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.