மழை வந்தா சிக்னல் போறது ஏன்? டவர் உச்சியில் ஒரு சொட்டு தண்ணீர் செய்யும் வேலை!

சேவூர்:
மழை தூறினால் போதும், "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கத்த வேண்டியிருக்கு. சேவூர், அவினாசி வட்டாரத்தில் தறி குடோனுக்கு பாவு வந்ததா என்பது முதல் பனியன் கம்பெனி வேன் எங்கே வருது என்பது வரை எல்லாமே செல்போனில்தான். கடையில் பணம் கொடுப்பதும் அதில்தான். சிக்னல் போனால் பிழைப்பும் நிக்குது.

கரண்ட் போய் டவர் பேட்டரி தீர்வது ஒரு காரணம். பலருக்கு தெரியாத இன்னொரு காரணம், கோஆக்சியல் கேபிள்.

டிவி கேபிளின் பெரியண்ணன்

இது வீட்டு டிவி கேபிளின் பெரியண்ணன். நடுவில் தாமிரம், சுற்றி நுரை பிளாஸ்டிக், அதன் மேல் தாமிர உறை, வெளியே கறுப்பு தோல். 2ஜி காலத்தில் மெஷின் கீழே ரூமில் இருந்தது. 40 மீட்டர் டவரில் இந்த கேபிள் உச்சிக்கு போய் சேருவதற்குள் மூன்றில் ஒரு பங்கு சக்தி வரை வீணானது.

4ஜி வந்த பிறகு பல டவர்களில் ரேடியோ பெட்டியையே மேலே ஏற்றிவிட்டார்கள். கீழிருந்து போவது கண்ணாடி இழை கேபிளும் கரண்ட் ஒயரும்தான். பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே சில மீட்டர் கோஆக்சியல் துண்டு மட்டும் மிச்சம்.

வில்லங்கமே அந்த மூட்டில்தான். கனெக்டரை சரியான அளவுக்கு முறுக்கணும். வீட்டுக்கு ஓடு வேய்வது போல டேப்பை கீழிருந்து மேலாக சுற்றணும். அவசரத்தில் விட்டால் தண்ணீர் இறங்கும். அப்புறம் அனுப்பிய அலை ஆன்டெனாவுக்கு போகாமல் திரும்பி வரும். மெஷினில் அலாரம் அடிக்கும், போனில் புள்ளி குறையும்.

டவரே மாயம்!

தாமிரத்துக்கு திருடர்களிடம் மவுசு. கவனிப்பு இல்லாவிட்டால் கேபிள் என்ன, டவரே போகும். 1999-ல் தமிழ்நாட்டில் சேவையை தொடங்கிய ஏர்செல், 2018-ல் திவாலானது. ஆளில்லாமல் நின்ற டவர்களில் 600-க்கும் மேல் தமிழ்நாட்டில் காணோம் என்று ஜி.டி.எல். நிறுவனம் 2022-ல் புகார் சொன்னது.

உயிர் யாருக்கு?

ஒரு மூட்டை சரி செய்ய ஒரு ஆள் 40 மீட்டர் ஏறணும். பெரும்பாலும் ஒப்பந்த தொழிலாளிதான். உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட், இரட்டை கொக்கி கயிறு, ஹெல்மெட் கட்டாயம். ஆன்டெனா அருகே போகும்முன் அதை ஆப் செய்யணும். மழை, இடி நேரத்தில் ஏறவே கூடாது. "சீக்கிரம் முடி" என்று விரட்டும்போதுதான் கொக்கி மாட்ட மறக்குது.

விபத்து நடந்தால் "அவர் கான்ட்ராக்டர் ஆள்" என்று பெரிய நிறுவனம் கைகழுவ முடியாது. வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்துக்கும் இழப்பீட்டு பொறுப்பு உண்டு என்பது 1923-ம் ஆண்டு சட்டத்திலேயே வந்த விதி.

சிக்னல் இல்லை என்றால் 198-க்கு போன் போட்டு புகார் எண் வாங்கி வையுங்க. தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு பிரிவுக்கு போகலாம். மழைக்கு முன்பே மூட்டுகளை சோதித்தால் சிக்னலும் நிக்கும், நனைஞ்ச டவரில் ஒருத்தரை ஏத்தவும் வேண்டியதில்லை. கம்பெனிகள் கவனிக்குமா?