டேப்லெட்டில் பிள்ளையின் குரலுக்கும் இடம் வேண்டும்

மாண்புமிகு மலேசியக் கல்வியமைச்சர் அவர்களுக்கு,

தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்று, கோப்பெங்கில் குடியிருப்பவன் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அமைச்சருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நண்பர்கள் கேட்டார்கள். மலாயில் மாற்றித் தர உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லாமலா போகும்?

2023இல் மின்னிலக்கக் கல்விக் கொள்கையை வெளியிட்டீர்கள். 2027இல் புதிய பாடத்திட்டம் வருகிறது. பின்னாலேயே பள்ளிகளுக்குக் கருவிகளும் வரும். எந்தப் பள்ளிக்கு எத்தனை டேப்லெட் என்று கேட்கப் பலர் இருக்கிறார்கள். அந்த டேப்லெட் பிள்ளையிடம் என்ன கேட்கப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

மூன்றாம் ஆண்டுக் கணக்கு ஒன்று. 402இலிருந்து 178ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 376 என்ற விடையைத் தொடுகிறாள். திரையில் சிவப்பாகத் தவறுக்குறி. அடுத்து 224ஐத் தொடுகிறாள். நட்சத்திரம் கொட்டுகிறது, மேளச் சத்தம் கேட்கிறது, அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. சரி, அந்த 376 எங்கிருந்து வந்தது? இரண்டிலிருந்து எட்டு போகாது என்று எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். பூஜ்ஜியத்திலிருந்து ஏழு போகாது என்று ஏழை அப்படியே இறக்கியிருக்கிறாள். கடன் வாங்கிக் கழிப்பது பிடிபடாததால் அவளாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டாள். நாளைக்கும் அதையேதான் செய்வாள். ஆசிரியரின் திரையில் அவளுக்கு ஒரு மதிப்பெண் மட்டும் தெரியும்.

அதே டேப்லெட், நோட்டில் போட்ட கணக்கைப் படம் பிடிக்கச் சொல்லி, "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டு, அரை நிமிடம் அவள் பேச்சைப் பதிவு செய்தால்? "மேல சின்ன நம்பர் டீச்சர், அதான் கீழருந்து கழிச்சேன்" என்பாள். வாய்விட்டுச் சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டு அழிரப்பரைத் தேடும் பிள்ளைகளும் உண்டு.

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வை நிறுத்தி வகுப்பறை மதிப்பீட்டை நம்பினோம். மதிப்பீடே கற்றலாகவும் அமைய வேண்டும் என்று அமைச்சின் வழிகாட்டியே சொல்கிறது. நடப்பில், கற்றதைத் திரும்பிப் பார்க்கும் சிந்தனை மீட்சி ஆசிரியருடைய வேலையாகிவிட்டது. நாள் பாடத்திட்டத்தின் அடியில் "25/28 மாணவர்கள் நோக்கத்தை அடைந்தனர்" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. புரிந்ததா என்று காட்டப் பிள்ளைகளிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையைத் தூக்கச் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பவன் பச்சை தூக்கினால் எல்லாரும் பச்சைதான்.

கருவியை வாங்கி வைத்துவிட்டுப் பயன்பாட்டைத் தேடிய அனுபவம் நமக்கு இருக்கிறது. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் பள்ளி இணையத் திட்டம் ஏறத்தாழ பத்தாயிரம் பள்ளிகளை இலக்காகக் கொண்டது. அதன் மெய்நிகர் கற்றல் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019இல் திட்டமே முடிந்தது. பெரு நாடு பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தது. 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்றது.

ஆகவே டெண்டர் விடுமுன் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். குரல் பதிவு முதல் தேவை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை விசைப்பலகையில் 'ழ'வைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சொல்ல நினைத்தது பறந்துவிடும். கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் செயலியைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர்தான்; ஆனாலும் எட்டு வயதுக்குப் பேச்சே சுலபம். வீட்டில் பேசுகிற தமிழில், நடுவே மலாய் கலந்து பேசினாலும், அப்படியே பதிவாகட்டும். கணினி அதைத் திருத்த வேண்டாம். மதிப்பெண்ணும் நட்சத்திரமும் இந்தப் பதிவுப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இணையம் இல்லாத நேரத்திலும் பதிவு சேமிக்கப்பட வேண்டும். தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது அவசியம். முந்தைய மாதம் சொன்னதைப் பிள்ளை தானே திரும்பக் கேட்கவும் வழி வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதையே பெரிதாக நினைக்கிறேன். தன் பழைய விளக்கத்தைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைக்குத் தான் எங்கே மாறினோம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

இதையெல்லாம் கேட்க ஆசிரியருக்கு நேரம் ஏது என்பார்கள். பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு அரை நிமிடம் என்றால் ஆறு நிமிடம். ஈப்போவில் நாற்பது பேர் வகுப்பானால் ஒரு நாளைக்கு ஐந்து பேரைக் கேட்டால் போதும். ஆனால் இதையும் தினமும் ஒரு பாரத்தில் நிரப்பச் சொல்லிவிடாதீர்கள். அன்றோடு திட்டம் செத்தது.

பிள்ளைகளின் குரல் யார் கைக்குப் போகும் என்பதும் முக்கியம். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே பதிவை யார் கேட்கலாம், எப்போது அழிக்க வேண்டும், கருவி விற்கும் நிறுவனம் அதைத் தொடலாமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கையெழுத்திடும் முன் பேராக்கில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி, ஒரு தேசியப்பள்ளி என மூன்று வகுப்புகளில் ஒரு தவணை நடத்திப் பாருங்கள். முடிவில் அதிகாரிகளின் அறிக்கையோடு பிள்ளைகளின் பதிவுகளில் சிலவற்றையும், பெற்றோரின் சம்மதத்தோடு, நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வசதி வேண்டும், எது வீண் என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
கோப்பெங், பேராக்