கண்ணுக்கும் உண்டு பசை!

விடிவதற்குள் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். ஏலக்காய் செடியின் அடியில்தான் காய்க்கும். குனிந்து, தண்டுகளை விலக்கித்தான் பறிக்க வேண்டும். இலையோ குச்சியோ கண்ணைக் கீறினால், ‘தூசிதான்’ என்று தண்ணீரில் அலசிவிட்டு மறுநாளும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

வினையே அங்கேதான். கீறல் வழியே பூஞ்சை நுழைந்தால் கருவிழி புண்ணாகும். 1994-ல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில், 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது.

புண் ஆழமானால் கருவிழியில் ஓட்டையே விழும். உள்ளிருக்கும் நீர் கசியும். ஓட்டை 2 மி.மீ. அளவில் இருந்தால், டாக்டர்கள் சயனோஅக்ரிலேட் பசையைத் துளி வைத்து அடைத்து, மேலே மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் பொருத்துகிறார்கள். ஈரம் பட்டதும் பசை இறுகிவிடும். சிலருக்கு அதற்குள்ளேயே புண் ஆறிவிடுகிறது. மற்றவர்களுக்கு, தானமாகக் கண் கிடைக்கும்வரை அது தாங்கும்.

பெட்டிக்கடையில் விற்கும் ‘உடனே ஒட்டும்’ பசையும் இதே குடும்பம்தான். ஆனால் அது எத்தில் வகை, சதையை எரிக்கும். டாக்டர்கள் கையில் இருப்பது பியூட்டைல் வகை. கைக்காயத்துக்குக்கூடக் கடைப் பசை வேண்டாம்.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் மோசம். பூஞ்சைக்கு அது தீனி. போடியிலிருந்து 15 கி.மீ. தூரத்தில், தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது. கீறல் பட்ட அன்றே போய்விட்டால் பசைக்கே வேலை இருக்காது.